அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டால் ஒளி புரியும்

பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழியில் படிக்கிறார்கள். அப்பா அம்மாவில் பலர் ஊரில் தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஓசூரைத் தாண்டி வந்தவர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் அலையும் ஒளியும் பாடமாக வந்ததும் இரண்டு பக்கமும் திணறுகிறது. பிள்ளைக்குச் சூத்திரம் தெரிகிறது, அது எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. பெற்றோருக்கு அலைநீளம், ஒளிவிலகல், நிறப்பிரிகை என்று சொற்கள் ஞாபகம் இருக்கின்றன, எது எதற்கு என்பது மறந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகங்கள் ஒளியைக் கண்ணாடியிலும் லென்சிலும் தொடங்குகின்றன. எங்கே கூட்டல் குறி, எங்கே கழித்தல் குறி என்ற சிக்கலிலேயே பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள். என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் அதிர்வெண். அது கைக்குள் வந்துவிட்டால் மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

முதலில் அலை. அல்சூர் ஏரியில் படகு ஒன்று போனதும் கரையோரம் மிதக்கும் இலையைக் கவனியுங்கள். படகு எழுப்பிய அலை வரிசையாக வந்து கரையில் மோதும். இலையோ இருந்த இடத்திலேயே மேலும் கீழும், கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு அங்கேயே கிடக்கும். நடு ஏரித் தண்ணீர் கரைக்கு வந்து சேர்ந்திருந்தால் அது இலையையும் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கும். வந்தது தண்ணீர் இல்லை, தண்ணீரின் ஆட்டம். ஓரிடத்தில் ஏற்பட்ட அதிர்வும் அதிலுள்ள ஆற்றலும் பக்கத்துக்குப் பக்கம் கைமாறிப் போவதைத்தான் அலை என்கிறோம். எந்தப் பொருளின் வழியாகப் போகிறதோ அது ஊடகம்.

அலையில் உயர்ந்து நிற்கும் இடம் முகடு, தாழ்ந்த இடம் அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். ஆட்டமில்லாத நீர்மட்டத்திலிருந்து முகட்டின் உயரம் வீச்சு. அந்த இலை ஒரு நொடியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்ற எண்ணிக்கை அதிர்வெண், அதை ஹெர்ட்ஸில் சொல்வோம். வீச்சு கூடினால் ஒலி உரக்கக் கேட்கும், ஒளி பிரகாசமாகத் தெரியும். அதிர்வெண் மாறினால் ஒலியின் சுருதி மாறும், ஒளியின் நிறம் மாறும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் ஆணிலிருந்து பெண்ணாக மாறிவிடுவதில்லை, இல்லையா? மாறுவது வீச்சு மட்டும்.

நொடிக்கு எத்தனை அலைகள் கடக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் நொடிக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று சொல்லிவிடலாம். அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம். சூத்திரம் இவ்வளவுதான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். ஒளியும் ரேடியோ அலையும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும், காற்றிலும் கிட்டத்தட்ட அதேதான். மெகா என்றால் பத்து லட்சம், கிகா என்றால் நூறு கோடி. ஆகவே 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் அலை 3 மீட்டர் நீளம். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் நானோமீட்டர். 550 நானோமீட்டர் பச்சை ஒளி நொடிக்குச் சுமார் ஐந்தரைக் கோடி கோடி தடவை அதிர்கிறது. எஃப்எம், வைஃபை, பச்சை ஒளி மூன்றும் ஒரே இனம், மின்காந்த அலைகள். அதிர்வெண்தான் வேறு.

ஒலி வேறு இனம். காற்றுத் துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் நெருங்கி விலகுகின்றன. அதனால் அது நெட்டலை. அதற்கு ஊடகம் கட்டாயம் வேண்டும். ஒளியில் மின்புலமும் காந்தப்புலமும் அலை போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கின்றன. அதனால் அது குறுக்கலை. ஊடகமே தேவையில்லை, வெற்றிடத்தைத் தாண்டிச் சூரியனிலிருந்து வந்து சேர்கிறது. வேக வித்தியாசத்தை ஏப்ரல், மே மாதத்துச் சாயங்கால இடிமழையில் எண்ணிப் பார்க்கலாம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டர் தள்ளி மின்னியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அதிர்வெண்ணை முடிவு செய்வது அலையை எழுப்பும் மூலம். வேகத்தை முடிவு செய்வது ஊடகம். இரண்டையும் வைத்து அலைநீளம் தானாக அமைகிறது. ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வேகம் குறைகிறது. ஆனால் எல்லைக்கு நொடிக்கு எத்தனை முகடுகள் வந்தனவோ அத்தனையும் உள்ளே போயாக வேண்டும், வழியில் எங்கும் தேங்கி நிற்க முடியாது. ஆகவே அதிர்வெண் அப்படியே இருக்கும், அலைநீளம் குறுகும். வெற்றிடத்தில் உள்ள வேகம் ஊடகத்தில் உள்ள வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது.

எதிர்வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு, இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், 650 நானோமீட்டர் சிவப்பு தண்ணிக்குள்ள போனா 489 ஆயிடுது. காத்துல 489ன்னா நீலம் பக்கம். அப்போ ஸ்விம்மிங் பூல்ல முங்கிப் பார்த்தா சிவப்பு டிரெஸ் நீலமா தெரியணுமே?" அருமையான கேள்வி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. குளத்துக்குள் அந்தச் சிவப்பின் அலைநீளம் உண்மையிலேயே 489 நானோமீட்டர்தான். இருந்தும் உடை சிவப்பாகவே தெரிகிறது. காரணம், விழித்திரை நிறத்தை அறிவது அதிர்வெண்ணால். தவிர, நீர் வழியாக வந்தாலும் காற்று வழியாக வந்தாலும் ஒளி கடைசியில் விழிக்குள் இருக்கும் அதே திரவத்தைக் கடந்துதான் விழித்திரைக்குப் போகிறது. 'சிவப்பு என்றால் 650 நானோமீட்டர்' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது வெற்றிடத்துக்கோ காற்றுக்கோ ஆன கணக்கு. நிறத்தின் மாறாத அடையாளம் அதிர்வெண்தான்.

வேகம் குறைவதால் ஒளி ஏன் வளைய வேண்டும்? இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று தார் ரோட்டிலிருந்து சாய்வாக மணலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மணலை முதலில் தொடும் சக்கரம் மெதுவாகும், மற்றது இன்னும் ரோட்டில் வேகமாக ஓடும், வண்டி மணல் பக்கம் திரும்பும். நேர் எதிரே இறங்கினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மெதுவாகும், வண்டி திரும்பாது. அலையின் முகப்பும் இப்படித்தான் ஒரு ஓரம் முந்தியும் மறு ஓரம் பிந்தியும் நுழைகிறது. அந்தத் திருப்பம்தான் ஒளிவிலகல். ஒளி நுழையும் இடத்தில் பரப்புக்கு நேர் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அது செங்குத்துக்கோடு. வேகம் குறையும் ஊடகத்துக்குள் போகும் கதிர் அந்தச் செங்குத்துக்கோட்டை நோக்கி வளையும், வெளியே வரும்போது அதைவிட்டு விலகி வளையும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பசை போட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது நகர்ந்துவிடும். நாணயம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, கிண்ணத்தின் விளிம்பு அதைச் சரியாக மறைக்கும்வரை மெல்லப் பின்னால் போங்கள். அங்கேயே அசையாமல் நில்லுங்கள். இன்னொருவர் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். மறைந்திருந்த நாணயம் விளிம்புக்கு மேலே ஏறி வரும், முதலில் ஒரு ஓரம், அப்புறம் பாதி, அப்புறம் முழுசாக. நாணயத்திலிருந்து மேல்நோக்கி வரும் கதிர் நீரைவிட்டு வெளியேறும்போது சாய்ந்து உங்கள் கண்ணுக்கு வருகிறது. கண் அது நேர்கோட்டில் வந்ததாகவே எடுத்துக்கொள்வதால் நாணயம் உயர்ந்த இடத்தில் தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் 12 சென்டிமீட்டர் ஆழம் 9 சென்டிமீட்டராகத்தான் தோன்றும். ஆற்றிலோ கிணற்றிலோ ஆழம் குறைவென்று நம்பி இறங்குகிறவர்களுக்கு வரும் ஆபத்தும் இதுதான். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும்.

நீரிலிருந்து வெளியே வரும் கதிரை மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது நீர்ப்பரப்பை ஒட்டியே படுத்துவிடும். அந்தக் கோணம் மாறுநிலைக் கோணம், தண்ணீருக்கும் காற்றுக்கும் சுமார் 49 டிகிரி. அதற்கு மேல் சாய்ந்தால் ஒளி வெளியேறவே முடியாது, முழுவதும் உள்ளுக்கே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்ற நீண்ட பெயர் இதற்குத்தான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பிக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பக்கவாட்டின் வழியாகக் கீழிருந்து நீரின் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளித்தகடு மாதிரி பளபளக்கும். வைரத்தின் ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் மாறுநிலைக் கோணம் 24 டிகிரி சொச்சம்தான். உள்ளே போன ஒளி வெளிவர வழி தேடிப் பலமுறை திரும்புகிறது, பட்டை தீட்டுகிறவர் விட்ட வழியில் மட்டும் வெளியேறுகிறது.

பெங்களூர்த் தெருக்களில் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கும் கறுப்புக் கேபிள்களில் நிறைய ஒளியிழைக் கேபிள்கள். உள்ளே முடியைப்போல மெல்லிய கண்ணாடி இழை. நடுவில் ஒளிவிலகல் எண் கொஞ்சம் அதிகமான கண்ணாடி, அதைச் சுற்றிக் கொஞ்சம் குறைவான கண்ணாடி. அவ்வளவு சிறிய வித்தியாசமே ஒளியை உள்ளே அடைத்துவைக்கப் போதும். நீண்ட தூரத்துக்கு 1,310, 1,550 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குள் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் என்றாலும், சென்னை வரையிலான 350 கிலோமீட்டரை நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் கடந்துவிடுகிறது.

சாதாரண எதிரொளிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம், இரண்டையும் செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். லென்சையும் சுருக்கமாகவே முடித்துவிடலாம், அது ஒளிவிலகலின் பயன்பாடுதான். நடு தடித்த குவிலென்சு கதிர்களைக் கூட்டும், நடு மெலிந்த குழிலென்சு விரிக்கும். தொலைவிலிருந்து வரும் கதிர்கள் கூடுகிற இடம் குவியம், லென்சிலிருந்து அதன் தூரம் குவியத் தூரம். அதை மீட்டரில் எடுத்து 1-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது டயாப்டர். கண்ணாடிக் கடையில் 'பவர்' என்று எழுதித் தருவது இதைத்தான். +2 என்றால் அரை மீட்டரில் கூட்டும் குவிலென்சு, −2 என்றால் கிட்டப்பார்வைக்கான குழிலென்சு. அப்பாவின் படிக்கும் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஜன்னலும் வெளியே உள்ள மரமும் தலைகீழாகச் சுவரில் விழும். அங்கிருந்து சுவர் வரை அளந்தால் பவரை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் சுவாமி புறப்பாடு நடக்கும்போது, நாகஸ்வரமும் தவிலும் தெருமுனை திரும்புவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். ஊர்வலம் கண்ணுக்குத் தெரியாது. சுவர்களில் மோதித் திரும்பி வரும் ஒலி ஒரு பங்கு. ஆனால் சுவரே இல்லாத திறந்த மூலையிலும் ஒலி வளைந்து வரும். அலை ஒரு விளிம்பைக் கடக்கும்போது அதைச் சுற்றிப் பரவும், இதுதான் விளிம்பு விளைவு. எவ்வளவு பரவும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் அலைக்குத் தெருமுனை அதன் அளவுக்கு ஒத்த தடை, எளிதாக வளைந்துவிடும். அரை மைக்ரோமீட்டர், அதாவது 500 நானோமீட்டர், ஒளிக்குத் தெருமுனை பிரம்மாண்டம், வளைவதே தெரியாது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சின்ன வகுப்பில் படித்தது, அலைநீளம் அவ்வளவு சிறியது என்பதால் மட்டுமே சரியாகிறது.

தொலைநோக்கி கட்டுகிறவர்களுக்கு இதுதான் பெரிய கட்டுப்பாடு. வாய் எவ்வளவு பெரிதோ, அலைநீளம் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம். பெங்களூர்க் கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காவலூரில் நடத்தும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம், ஒளிக்கு அதுவே நிறைய. அதே நிறுவனமும் ராமன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 34.5 மெகாஹெர்ட்ஸுக்கானது. 3 லட்சம் கிலோமீட்டரை அந்த அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 8.7 மீட்டர். அதனால் ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தினார்கள், கிழக்கு மேற்கு வரிசையே சுமார் 1.4 கிலோமீட்டர். அத்தனை நீளமிருந்தும் அது பிரித்தறியும் நுணுக்கம் நம் வெறும் கண்ணுக்கு வரவில்லை. சூத்திரம் மண்ணில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு அலைகள் ஓரிடத்தில் சந்தித்தால் முகடும் முகடும் சேர்ந்து பெருகும், முகடும் அகடும் சேர்ந்து அழியும். அது குறுக்கீட்டு விளைவு. சோப்புக் குமிழியின் வண்ணம் அதனால்தான்: படலத்தின் மேல்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி சில நிறங்களில் பெருகிச் சில நிறங்களில் அழிகிறது. பழைய சிடி தகட்டில் தெரியும் வானவில்லும் இதே வகைதான், அதன் சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. நிஜ வானவில் வேறு. மழைத்துளிக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிவிலகல் எண் சற்றே வேறுபடுவதால் நிறங்கள் தனித்தனிக் கோணத்தில் பிரிகின்றன. முப்பட்டகத்தில் நடப்பதும் அதுவே. இதற்குப் பெயர் நிறப்பிரிகை.

நிறப்பிரிகையோடு சிதறலைச் சேர்த்துக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். வானம் நீலமாக இருப்பது சிதறலால். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய காற்று மூலக்கூறுகள் ஒளியை எல்லாப் பக்கமும் தெறிக்கவிடுகின்றன, அதுவும் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப. 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைப்போல் நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. ஊதா இன்னும் அதிகம் சிதறும்தான், ஆனால் சூரிய ஒளியில் அது குறைவு, நம் கண்ணுக்கும் அதில் உணர்வு குறைவு. சாயங்காலம் ஒளி நீண்ட காற்றடுக்கைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பு மிஞ்சுகிறது.

கடைசியாக முனைவாக்கம். ஒளி குறுக்கலை என்பதால் அதன் அதிர்வு மேல்-கீழாகவோ இட-வலமாகவோ எந்தச் சாய்விலும் இருக்கலாம். ஒரே தளத்தில் மட்டும் அதிர வைத்தால் அது முனைவாக்கிய ஒளி. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எல்சிடி திரையுள்ள போனைச் சுழற்றினால் ஒரு சாய்வில் திரை இருண்டுவிடும். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் இப்படி ஒரே தளத்தில் அதிரும். 1921-இல் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன் இதைப் பயன்படுத்தினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அப்போது சொல்லிவந்தார்கள். அவர் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

அங்கே பிடித்த நூலை அவர் விடவில்லை. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டதை மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரையில் விளக்கினார். 1930-இல் நோபல் பரிசு, 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவி, 1948-இல் அவரே தொடங்கிய ராமன் ஆய்வு நிறுவனம் என்று பின்னால் நடந்தவை பலருக்கும் தெரியும். கண்டுபிடித்தது என்ன என்பதை நாம் இப்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கின் அதிர்வெண் மாறிவிடுகிறது. ஊடகம் மாறினாலும், வளைந்தாலும், திரும்பினாலும் மாறாத அதே அதிர்வெண்தான். ஒளியின் ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம். மூலக்கூறு ஒன்று ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை வாங்கித் தன் அதிர்வுக்கு வைத்துக்கொண்டால், வெளிவரும் ஒளியின் அதிர்வெண் அந்த அளவுக்குக் குறையும். தன்னிடம் உள்ளதைக் கொடுத்தால் கூடும்.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று உள்ள அதிர்வுகளுக்கு ஏற்றபடிதான் வாங்கும், கொடுக்கும். அதனால் மாறிய அளவைப் பார்த்தே என்ன பொருள் என்று சொல்லலாம். இப்போது மாத்திரை போலியா என்று சோதிக்கக் கையடக்க ராமன் கருவிகள் இருக்கின்றன. லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் படித்து, உள்ளிருக்கும் வேதிப்பொருளைச் சில நொடிகளில் சொல்லிவிடும். மாத்திரையைப் பொடிக்க வேண்டாம், அட்டையின் பிளாஸ்டிக் ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்தால் பிரிக்கக்கூட வேண்டாம்.